புதுப்பிப்பு: தொட்டபெட்டாவில் மினுங்கிய சாலைக்கோடு

கோத்தகிரியில் அமர்ந்து நான் உருவாக்கிவரும் நீலகிரி முப்பரிமாண மாதிரியில், அருகிலுள்ள தேயிலைச் சரிவுகள் தெளிவாகத் தெரிய, தொலைவில் தொட்டபெட்டாவின் மேல் வரைந்த சாலைக்கோடு மட்டும் கேமராவை நகர்த்தும்போதெல்லாம் மலைக்குள் புதைந்தும் வெளிவந்தும் மினுங்குவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். உயரத் தரவில்தான் பிழை என்று அடித்துச் சொல்லியிருந்தேன், அது தவறு.

சிக்கல் டெப்த் பஃபரில், அதாவது எது முன்னால் எது பின்னால் என்று தீர்மானிக்கும் ஆழப் பதிவில் இருந்தது. 1974-இல் எட்வின் காட்மல் தம் ஆய்வேட்டில் விவரித்த இம்முறை, ஒவ்வொரு பிக்சலிலும் அதுவரை வந்தவற்றுள் மிக அருகிலுள்ள பரப்பின் ஆழத்தைக் குறித்துவைத்து, அதற்குப் பின்னால் வருவதைத் தள்ளிவிடுகிறது. ஆனால் குறிக்கப்படும் எண் தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுவதால், அந்த எண்ணுக்கு ஒதுக்கிய 24 பிட்டுகளின் நுட்பத்தில் பெரும்பகுதி கேமராவின் மூக்கு நுனியிலேயே செலவாகிவிடுகிறது. நியர் பிளேனை, அதாவது கேமராவுக்கு எவ்வளவு அருகிலிருந்து காட்சி வரையப்படத் தொடங்கும் என்ற எல்லையை, நான் 10 சென்டிமீட்டரில் வைத்திருந்தேன்; கணக்கிட்டால், 10 கிலோமீட்டர் தொலைவில் அடுத்தடுத்த இரு ஆழ மதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 60 மீட்டர் இடைவெளி! நிலத்திலிருந்து 2 மீட்டர் மட்டுமே உயர்த்தப்பட்ட சாலை அதில் எப்படித் தப்பும்?

நியர் பிளேனை 10 மீட்டருக்குத் தள்ளியதும் அந்த இடைவெளி 60 சென்டிமீட்டராகச் சுருங்கி, மினுங்கல் நின்றது. கோட்டை 50 மீட்டர் உயர்த்தச் சொன்ன நண்பரின் யோசனையையும் முயன்றேன். சாலை மேகத்தில் மிதந்தது. இப்போது கேமராவைத் தரைக்கு இறக்கினால் முன்னிருக்கும் தேயிலைச் செடிகள் வெட்டுப்படுகின்றன என்பதால், நியர் பிளேன் அருகில் இருந்தாலும் தொலைவில் நுட்பம் குறையாதபடி, மிதவைப்புள்ளி (தசம) எண்களோடு ஆழத்தைத் தலைகீழாகச் சேமிக்கும் முறைக்கு அடுத்து மாறவிருக்கிறேன்.