"இந்த வருஷம் 50 புத்தகம்" என்று கிளம்பியவர்கள்: நீங்கள் பார்த்தது என்ன?

நூலகக் கவுண்ட்டர், தருமபுரி

ஜனவரியில் சேர்ந்து "இந்த வருஷம் 50" என்றவர். 45 வயசிருக்கும், பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தை விட்டவர். ஏப்ரலில் பார்த்தால், அலமாரியிலிருந்து உருவியதும் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நம்பரைப் பார்க்கிறார். 312. உடனே செருகிவிட்டு, 64 பக்கச் சிறுநூல் இரண்டை எடுத்துப் போனார். கணக்கில் இரண்டு ஏறிவிடுமே! ஜூனிலிருந்து ஆளையே காணோம்.

200 பக்கப் புத்தகம் 50 என்றால் 10,000 பக்கம், நாளுக்கு 27, 28. விட்டுப்போன கைக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிஷமாவது பிடிக்கும். அப்படியானால் தினமும் ஒரு மணி நேரம். நாளுக்குப் பத்துப் பக்கம் போதும், வருஷத்துக்கு 3,650 ஆகிவிடும். புத்தகத்தை எண்ணாமல் பக்கத்தை எண்ணச் சொல்லுங்கள்.

கண்ணாடிக் கடை, கிருஷ்ணகிரி

45 வயசு என்று சொல்லிவிட்டுக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே சார். "பத்து நிமிஷத்துல தூக்கம் வருதுங்க, படிப்பெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று ஓர் அம்மா. அட்டையைக் கொடுத்தால் கையை முழுக்க நீட்டி, தலையையும் பின்னால் இழுத்துக்கொண்டு எழுத்துக்கூட்டுகிறார். வெள்ளெழுத்து, வேறென்ன? பிளஸ் 1.25 லென்ஸ் போட்டதும் கை தானாக மடங்கிவிட்டது.

40 தாண்டியவர்கள் முதலில் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரெடிமேட் கண்ணாடி இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால்தான் சரிவரும், சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாதவருக்குக் கொடுப்பது) இருப்பவருக்குத் தலைவலிதான் மிச்சம். சர்க்கரை ஏறியிருக்கும்போது எடுக்கும் பவர் பிறகு மாறிவிடும். கட்டுக்குள் வந்து சில வாரம் போகட்டும்.

சிப்காட் ஷிப்ட், ஓசூர்

கம்பெனி பஸ்ஸில் ஒருத்தர் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார். நைட் ஷிப்ட் வாரத்தில் தொடவே மாட்டாராம். அப்புறம் எடுத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று மறந்துபோகிறதாம்.

முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் பேர், உறவு, எந்தப் பக்கத்தில் வந்தார் என்று எழுதி, அதையே அடையாளத்துக்கு வையுங்கள். நாலு நாள் விட்டுப்போனால் கடைசியாகப் படித்த அத்தியாயத்தை மட்டும் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள், முதலுக்குப் போகவே கூடாது. வாரப் பத்திரிகைத் தொடராக வந்த நாவல்களில் அத்தியாயம் சின்னதாக இருக்கும், ஷிப்ட்காரருக்குத் தோது. ஐந்து பாகத்தை ஒன்றாகக் கணக்கு வைப்பதா ஐந்தாகவா என்று சண்டை போடுகிறவர்களுக்கும் நூலகக்காரர் சொன்னதுதான் சரி. 50 பக்கம் படித்தும் ஒட்டவில்லையா, தூக்கிப் போடுங்கள். அந்த 50-ம் கணக்கில் சேரும். புத்தகத்தை எண்ணுகிறவர்தான் பிடிக்காததையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கப் பார்த்து, அதோடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். பஸ்ஸில் தலைசுற்றுகிறவர்கள் வண்டி ஓடும்போது எடுக்காதீர்கள், கிளம்பக் காத்திருக்கும் நேரம் போதும்.

காவேரிப்பட்டணம்

நூலகத்துக்கு வந்த அந்த 50 புத்தகக்காரர் ஜூனில் வரவில்லை என்றால், என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தீர்களா? எங்கள் பக்கம் மாங்கூழ் கம்பெனிக்குப் போகிறவர் ஒருத்தர், சாப்பாட்டுப் பையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய புத்தகம். சீசன் முழுக்க அதே 40-ம் பக்கம், அடையாளத்துக்கு வைத்த அதே பஸ் டிக்கெட். "தினமும் பத்து" என்பதெல்லாம் மாதச் சம்பளக்காரர் கணக்கு. மே, ஜூன், ஜூலையைப் பூஜ்யம் என்றே போடுங்கள். மீதி ஒன்பது மாசத்துக்கு நாளுக்கு 13, 14 பக்கம் வந்தால் அதே 3,650 கிடைக்கும்.