பழைய டயர் விதி: காசு யாருக்கு, கரி யாருக்கு?

கும்மிடிவாசி:
2022 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, டயர் கம்பெனிகள் தாங்கள் தயாரித்த, இறக்குமதி செய்த டயர்களுக்கு ஈடாக, பழைய டயரை மறுசுழற்சி செய்யும் ஆலைகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். முதல் ஆண்டு 35 சதவீதம், அடுத்து 70, 2024-25இல் 100. நல்ல விதி. ஆனால் டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஆலைக்கும் சான்றிதழ் உண்டு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது. உலை ஆறுவதற்குள் கதவைத் திறந்து, டயர் வெந்து மிஞ்சும் கரியை அள்ளுகிறார்கள்; தூள் பறக்கிறது. நாங்கள் மொட்டை மாடியில் வடகம் காயவைத்து மூன்று வருஷம் ஆகிறது.

காயலான்கடை:
சார், உங்க வேதனை புரியுது. ஆனா நைலான் லாரி டயருக்குத்தான், பழைய ரப்பரை மறுபடி பயன்படுற ரப்பரா மாத்துற ரீக்ளெய்ம் ஆலைக்காரங்க நல்ல விலை தர்றாங்க. உள்ள இரும்புக் கம்பி வச்ச ரேடியல் டயர்னா கம்பி உரிக்கணும். கார், பைக் டயரை என்கிட்ட எண்ணெய் ஆலையைத் தவிர யாரும் கேக்கிறதில்ல. அதை மூடினா செங்கல் சூளைக்கும் வெல்லம் காய்ச்சுற அடுப்புக்கும் போகும். இல்லேன்னா மழைத் தண்ணி தேங்கி டெங்கு கொசு.

கும்மிடிவாசி:
சூளைப் புகையைக் காட்டி ஆலைப் புகையை மறைக்காதீர்கள். எண்ணெய் எடுக்கப் பழைய டயரை இறக்குமதி செய்யக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. வெளிநாட்டு டயருக்கு ஆகாதது உள்ளூர் டயருக்கு எப்படி ஆகும்?

காயலான்கடை:
அந்தத் தடை எனக்கும் நல்லதுதான், இறக்குமதி வந்தா உள்ளூர் சரக்கு விலை விழும். என் ஆதங்கம் வேற. சான்றிதழ் ஆலை பேர்ல வருது, ஆலையே கம்பெனிக்கு விக்குது. பஞ்சர் கடை கடையா ஏறி இறங்கித் தூக்கிட்டு வர்ற எங்களுக்கு இதுவரை ஒரு பைசா வரல.

நாமக்கல்லாரி:
நடுவுல வர்றேனுங்க. ரெண்டு பேரும் காய்ச்சறதையே பேசறீங்க. உள்கூடு நல்லா இருந்தா தேஞ்ச லாரி டயர் மேல புது ரப்பர் ஒட்டி, அதாவது ரீட்ரெடிங், ரெண்டு தடவைகூட பண்ணி ஓட்டறோம். அதுக்கு விதியில கிடைக்கறது கம்பெனி சான்றிதழ் வாங்கற கடமை ஒரு வருஷம் தள்ளிப்போறது மட்டுந்தானுங்க. எங்க பக்கம் பட்டறைங்க குறைஞ்சுக்கிட்டே வருது.

கும்மிடிவாசி:
இது நியாயம். முதல் சலுகை ரீட்ரெடிங்குக்கே போக வேண்டும். அதற்கும் உதவாத டயரைத் தூளாக்கித் தாரில் கலந்து சாலை போடலாமே?

காயலான்கடை:
நெடுஞ்சாலைத் துறை நிறைய வாங்கட்டும், நாளைக்கே தூள் ஆலைக்கு லோடு ஏத்துறேன். கம்பி உரிக்கிற கூலி மட்டும் விலையில சேரணும்.

கும்மிடிவாசி:
அதுவரைக்கும் உலை நன்றாக ஆறிய பிறகே கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

காயலான்கடை:
முழுசா ஆறவிட்டா மாசத்துக்கு எத்தனை தடவை காய்ச்சுறது குறையும்னு அவங்க கணக்குப் போடுவாங்க சார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ராத்திரியில வந்து நின்னாத்தான் ஆறவிடுவாங்க.