நாய்ப்புழு பேர்ல கேனைனம், கேனைனா, கேனிஸ்: எது எப்போ வரும்?

கேள்வி:
வெட்னரி படிக்கிறேன், பாராசைட்டாலஜியில (ஒட்டுண்ணிகள் பத்தின பாடம்) லத்தீன் பேர் எழுதும்போது ஒரே இடத்துல மாட்டிக்கிறேன். நாயோட கொக்கிப்புழு ஆன்சைலோஸ்டோமா கேனைனம், நாடாப்புழு டிபைலிடியம் கேனைனம், ஆனா உருளைப்புழு டாக்சோகாரா கேனிஸ், காட்டு ரோஜா ஒண்ணு ரோசா கேனைனா. எல்லாமே நாய்தான்னா முடிவு ஏன் மாறுது? முதல் பேர் "ஆ"ல முடிஞ்சா பெண்பால்னு சொன்னாங்க, அப்போ ஆன்சைலோஸ்டோமாவுக்கு கேனைனா தானே வரணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, மனப்பாடம் பண்ணினா நிக்கவே மாட்டேங்குது.

பதில் 1:
தம்பி, இதுல ரெண்டு சங்கதி கலந்திருக்கு. டாக்சோகாராவுல வர்ற கேனிஸ் பெயர்ச்சொல், ஆறாம் வேற்றுமை, "நாயின்"னு அர்த்தம் (இந்தச் சொல்லுக்கு எழுவாயும் அதே உருவம்தான், குழப்பமே அங்கதான்). முன்னாடி எந்தப் பேர் வந்தாலும் அது அசையாது. வெர்னர் 1782ல வச்ச பேர் லும்ப்ரிகஸ் கேனிஸ், லும்ப்ரிகஸ் ஆண்பால், பின்னாடி டாக்சோகாராவுக்கு மாத்தினாங்க, கேனிஸ் அப்படியே இருக்கு.

கேனைனஸ் அப்படியில்ல, கேனிஸோட வேர்ல -இனுஸ் விகுதி சேர்ந்த பெயரடை, "நாய் சார்ந்த". குதிரைக்கு ஈக்வைனஸ், ஓநாய்க்கு லூபைனஸ், எல்லாம் ஒரே அச்சு, மாட்டுக்கு மட்டும் பழைய லத்தீன்ல புபுலஸ், போவைனஸ் பிந்தி வந்தது. பெயரடைங்கிறதால பால் பார்த்து மாறியே ஆகணும்: ஆண்பால் கேனைனஸ், பெண்பால் கேனைனா, நியூட்டர் (ரெண்டும் இல்லாத மூணாவது பால்) கேனைனம். லின்னேயஸ் 1758ல நாடாப்புழுவை டீனியா கேனைனானுதான் எழுதினார், டிபைலிடியத்துக்குப் போனதும் கேனைனம் ஆயிடுச்சு.

கேட்டவர்:
நன்றிண்ணா, இது புரிஞ்சுது. அந்த ஸ்டோமா மட்டும் இன்னும் இடிக்குது.

பதில் 2:
ஸ்டோமா கிரேக்கச் சொல், வாய்னு அர்த்தம், "ஆ"ல முடிஞ்சாலும் நியூட்டர், அதான் ஆன்சைலோஸ்டோமாவுக்கு கேனைனம். கிரேக்கத்துல ஆறாம் வேற்றுமை ஸ்டோமாடோஸ், ஸ்டோமடைட்டிஸ்ல (வாய் அழற்சி) "ட" வர்றது அதனாலதான். அதே ஜீனஸ்ல (பேரினம், அதாவது முதல் பேர்) செய்லானிகம் பாருங்க, இலங்கைப் புனுகுப்பூனையில கிடைச்ச புழுவுக்கு லூஸ் 1911ல வச்ச பேர், அதுவும் -அம்தான். "சோமா"வும் (உடல்) இதே கதை: டிரிப்பனோசோமா ஈக்வைனம், ஸ்கிஸ்டோசோமா ஜபானிகம். ஆனா ஸ்கிஸ்டோசோமா போவிஸ்னா அது "மாட்டின்", ஆறாம் வேற்றுமை, அதைத் தொடாதீங்க.

கேட்டவர்:
அப்போ இதயப்புழு டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ்? அதுவும் ஆறாம் வேற்றுமையா?

பதில் 2:
இல்ல, அது பெயரடைதான், "கொடூரமான"னு அர்த்தம். வேற வகைப் பெயரடை, ஆண்பால் பெண்பால் ரெண்டுக்கும் -இஸ், நியூட்டர்னா இம்மிட்டே ஆகும். அதனால -இஸ் பார்த்ததும் முடிவு பண்ணாம, அது பெயர்ச்சொல்லா பெயரடையானு டிக்ஷனரியில ஒரு தடவை பார்த்துடுங்க.