கைத்துப்பாக்கித் தோட்டா வகைகள்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. துப்பாக்கி சுடும் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்காகத் தோட்டா வகைகள் பற்றிய சட்டங்களைத் தமிழில் தொகுத்து வருகிறேன். முனையில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் ரகத்தில்தான் சிக்கி நிற்கிறேன். உடலில் பட்டதும் காளான்போல் விரியும் தோட்டா அது. இப்படி விரியும் தோட்டாக்களை 1899 ஹேக் பிரகடனம் போரில் தடை செய்தது. ஆனால் பல நாடுகளில் போலீஸ் கையில் இருப்பதே இதுதான். ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவர்மேல் பாயும் ஆபத்து குறைவு என்பது காரணம். நியாயமான காரணம் என்றே எனக்குப் படுகிறது.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இதைத் தடுக்கவில்லை. நியூ ஜெர்சியிலோ வீடு, சுடுதளம் போன்ற விலக்குகளுக்கு வெளியே வைத்திருந்தாலே குற்றம். கவசம் துளைக்கும் கைத்துப்பாக்கித் தோட்டாவை 1986 கூட்டரசுச் சட்டம் பெரும்பாலும் உள்ளிருக்கும் உலோகத்தை வைத்தே வரையறுக்கிறது: டங்ஸ்டன், எஃகு, பித்தளை என்று.

நீங்கள் வாழும் நாட்டில் சட்டம் எதைப் பார்க்கிறது? வடிவத்தையா, உலோகத்தையா? உரிமத்திலேயே வகை குறிப்பிடப்படுமா? பயிற்சிக்கு எடுத்துச் செல்ல விலக்கு உண்டா? சட்டத்தின் பெயர், பிரிவு எண்ணோடு சொல்லுங்கள். கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுத எனக்கு மனமில்லை. அதை நம்பி ஒருவர் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.