நாலு மரம் சேரும் இடம்: மாணவர்களோடு மரக்கூரை செய்த அனுபவங்கள்

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். கட்டடக்கலை மாணவர்களையும் சிவில் மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து மரக்கூரை வடிவமைக்கும் வகுப்பை இதுவரை மூன்று முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை சரியாக வரவில்லை. அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். இப்படிக் கற்பித்தவர்களும், படித்தவர்களும், மரவேலை செய்பவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

அழகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட 20 அடி அகலத்தில் ஒரு கொட்டகை. இதுதான் வேலை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி, அதாவது கார்பன். மரம் வளர்கிறபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. கூரை கெடாமல் நிற்கிற வரை அது அங்கேயேதான் இருக்கும். அதனால் கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் மரத்திலேயே செய்வோம் என்று மாணவர்களே முடிவு செய்தார்கள்.

கட்டடக்கலை மாணவர்கள் மெல்லிய சட்டங்களாக வரைந்து கொடுத்தார்கள். சிவில் மாணவர்கள் மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 883 படி கணக்குப் போட்டு எல்லாவற்றையும் தடிமனாக்கித் திருப்பினார்கள். "எங்க டிசைனைக் கெடுத்துட்டாங்க சார்" என்று இவர்கள். "தாங்காததை வரைஞ்சா நாங்க என்ன சார் பண்றது" என்று அவர்கள். இரண்டு மாதம் காகிதம் இப்படியே போய்ப் போய் வந்தது. கூட்டு வேலை என்றால் அதுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

கடைசி வாரம் திருமங்கலத்திலிருந்து ஓர் ஆசாரி ஐயாவை அழைத்து வந்தோம். வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, சட்டங்கள் சேருகிற ஓர் இடத்தில் விரலை வைத்தார். "தம்பி, நாலு மரமும் இங்க வந்து நிக்குது. நாலுக்கும் துளை போட்டா அப்புறம் இங்க மரம் எங்க இருக்கு?"

கணக்கை மறுபடி எடுத்துப் பார்த்தோம். முழுச் சட்டம் தாங்குமா என்றுதான் பார்த்திருந்தார்கள். கழுந்து (இன்னொரு சட்டத்தின் செதுக்கிய முனை) உட்காரத் துளை குடைந்தால் அந்த இடத்தில் பாதி மரம்கூட மிஞ்சவில்லை. வரைந்தவர்கள் கவனிக்கவில்லை, கணக்குப் போட்டவர்கள் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வழியையும் அவரே சொன்னார். கீழ்ச் சட்டத்தை ஒன்றாக வைக்காமல் இரண்டு மெல்லிய சட்டமாக வைத்து, மற்றதை நடுவில் நுழைத்து போல்ட் போடச் சொன்னார். குடைய வேண்டியதில்லை, போல்ட் ஓட்டை மட்டும்தான். ஒரு மாணவி அங்கேயே அதை வரைந்து பார்த்தாள். இரட்டைச் சட்டத்தின் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவள் முதலில் கேட்ட மெல்லிய தோற்றம் கிடைத்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் வாரமே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அடுத்த முறை யாரும் பென்சிலைத் தொடுவதற்கு முன் எல்லாரும் மரவாடிக்குப் போனோம். அங்கே வாங்கிய வேப்பஞ்சட்டத்தில் 100 கிராம் துண்டு வெட்டி, ஆய்வகத்தில் 103 டிகிரியில் காயவைத்தால் 74 கிராம்தான் நின்றது. காய்ந்த எடைக்கு 35 சதவீதம் ஈரம். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. குறுக்குவாட்டில் சுருங்குவதுதான் பூட்டை, அதாவது சட்டங்கள் சேரும் இணைப்பை, தளர்த்தும். இது தெரிந்ததும் எந்தப் பூட்டு, எத்தனை மாதம் காயவைப்பது என்று இரண்டு துறை மாணவர்களும் சேர்ந்தே கேட்க ஆரம்பித்தார்கள். அளவிலும் ஒரு சிக்கல் இருந்தது. மாணவர்களுக்கு மில்லிமீட்டர், ஐயாவுக்கு நூல். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3 மில்லிமீட்டரும் கொஞ்சமும். வரைபடத்தில் இரண்டு அளவையும் எழுத வைத்தேன்.

பதில் 1

நான் மேலூர்க்காரன், தாவரவியல் ஆசிரியர். நண்பர் ஒருவரின் மாணவர்கள் பழைய ஓட்டு வீட்டின் கூரையில் இருந்த பனங்கைகளை (பனைமரச் சட்டங்களை)த் திரும்பப் பயன்படுத்த நினைத்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். பனையை மற்ற மரம் மாதிரி முழுக்க ஒரே வலிமையுள்ளதாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். பனைக்கு வைரம் (கெட்டியான பகுதி) வெளிப்பக்கம், உள்ளே சோறு (மென்மையான பகுதி). வைரத்துக்குக் காழ் என்றும் பெயர். தொல்காப்பியம் இதை வைத்துத்தான் புறக்காழ் உள்ளதைப் புல் என்றும் அகக்காழ் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு சிவில் மாணவன், "வளையும்போது ஓரத்துலதான் சார் அதிக விசை வரும், நடுவுல கம்மி" என்றான். கூட இருந்த தச்சர், "அதான் தம்பி நாங்க சோத்தைச் செதுக்கி எறிஞ்சிடுறோம்" என்றார். மூன்று பேருமே ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம்.

பதில் 2

என் அப்பா ஆசாரி. ஒரு கல்லூரியில் இதே மாதிரி வகுப்புக்கு மூன்று நாள் போனார். பிள்ளைகள் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஆனால் பணம் கொடுத்தபோது அவரைத் தினக்கூலி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதே வகுப்புக்கு வந்த கட்டடக்கலைஞருக்கு மதிப்பூதியம். தொகை வித்தியாசம் அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அந்த வார்த்தைதான் வலித்தது. துறைகளை ஒன்று சேர்க்கிறோம் என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பாருங்கள், ஐயா.

திரியைத் தொடங்கியவர்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் வருடம் நாங்களும் கூலி என்றுதான் எழுதியிருக்கிறோம். வருகை ஆசிரியர் பட்டியலில் எங்கள் ஆசாரி ஐயாவைச் சேர்க்கச் சொல்லி இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். 100 மதிப்பெண்ணில் 20 அவர் போடுவது என்று வகுப்பில் முடிவு செய்துவிட்டோம். திங்கட்கிழமை அவரிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.