லேசர் ஒளி புரோத்தனை எப்படித் தள்ளும்?

கொக்குவில் மாஸ்டர்:
வணக்கம். உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். மெல்லிய உலோகத் தகட்டில் லேசரை அடித்துப் புரோத்தன் கற்றை எடுக்கிறார்களாம் என்று ஒரு மாணவி வந்து கேட்டாள். ஒளியின் அமுக்கம் எவ்வளவு சிறியது என்று அவளுக்குக் கரும்பலகையில் கணக்குச் செய்து காட்டியதே நான்தான். புரோத்தனோ இலத்திரனைவிட 1836 மடங்கு பாரம். அப்ப எப்படி? புரோத்தன் கற்றையால் செய்யும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெரிய இயந்திரங்கள் இனித் தேவையில்லை என்பதும் உண்மையா? பிள்ளைக்கு அரைகுறையாகச் சொல்ல விருப்பமில்லை.

அரியாலையூரான்:
மாஸ்டர், நல்ல கேள்வி கேட்கிற பிள்ளை. உங்கள் கணக்கிலும் பிழையில்லை. இங்கே லேசர் விரட்டுவது இலத்திரன்களை. சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள தகட்டில் ஒளியைக் குவித்ததும், அவை ஒளிவேகத்தை நெருங்கித் தகட்டைத் துளைத்துப் பின்பக்கத்தால் பாய்கின்றன. தகடு நேரேற்றத்தோடு நின்று அவற்றைத் திரும்ப இழுக்கும். அதனால் பின்முகத்தை ஒட்டியே ஒரு மறையேற்ற மேகம் நிற்கும். புரோத்தனை இழுப்பது அந்த மேகம்தான்.

அங்கே மின்புலம் மீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி வோல்ற்று அளவில் இருக்கும். துணிக்கைகளை வேகப்படுத்தும் வழமையான இயந்திரமான ஆர்முடுக்கியில் மீற்றருக்குச் சில பத்து மெகாவோல்ற்றுத்தான். வகுப்பில் இப்படிச் செய்து காட்டலாம்: புலத்தை 10 மைக்ரோமீற்றரால் பெருக்கினால் மின்னழுத்த வித்தியாசம் 1 கோடி வோல்ற்று. ஆகவே புரோத்தனுக்கு 10 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தி, தலைமயிரைவிட மெல்லிய இடைவெளிக்குள்! அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2000இலேயே 58 மெகா இலத்திரன்வோல்ற்று வரை எடுத்தார்கள். ஜேர்மனியின் டிரெஸ்டனில் 150ஐத் தொட்டதாக 2024இல் அறிவித்தார்கள்.

வதனி:
சிகிச்சைக் கேள்விக்கு நான் சொல்கிறேன், கதிர்ச்சிகிச்சைப் பிரிவில்தான் வேலை. 150 என்றால் உடலுக்குள் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் போகும். ஆழத்தில் உள்ள கட்டிக்கு 230 அளவில் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், புரோத்தன் எங்கே நிற்கும் என்பதை அதன் சக்திதான் தீர்மானிக்கிறது. லேசரில் வருபவையோ கூடிய சக்தி, குறைந்த சக்தி எல்லாம் கலந்து, விரிந்து வரும். கட்டிக்குப் பக்கத்தில் முண்ணாண் இருந்தால் யோசித்துப் பாருங்கள். டிரெஸ்டனில் எலிகளின் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள், அவ்வளவுதான். சென்னையில் 2019இல் திறந்த புரோத்தன் நிலையம் சைக்கிளோத்திரன் என்ற வழமையான ஆர்முடுக்கியில்தான் ஓடுகிறது. தயவுசெய்து ஒருவரும் லேசர் வரட்டும் என்று சிகிச்சையைப் பிற்போட வேண்டாம்.

கொக்குவில் மாஸ்டர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று: அலுமினியத் தகட்டில் புரோத்தனுக்கு ஐதரசன் ஏது?

அரியாலையூரான்:
எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே அதுதான், மாஸ்டர். தகட்டின் மேல் படிந்த அழுக்கிலிருந்து வருகிறது. வெற்றிட அறைக்குள்ளும் நீராவியும் எண்ணெய் ஆவியும் கொஞ்சம் மிஞ்சி, சில நனோமீற்றர் படலமாக ஒட்டியிருக்கும். அதிலுள்ள ஐதரசன்தான் எல்லாவற்றிலும் இலேசு, அதனால் முந்திக்கொண்டு ஓடுகிறது. தகட்டை முதலே சூடாக்கிப் படலத்தைப் போக்கினால் புரோத்தன் குறைந்து, பாரமான அயன்களுக்கு அந்தச் சக்தி போய்ச்சேரும்.