டயானா கிராலின் 'க்வயட் நைட்ஸ்': உங்களை விடாமல் துரத்தும் பாட்டு எது?

இரவுப்பறவை
கனடா ஜாஸ் பாடகி டயானா கிராலின் இந்த ஆல்பம் 2009-ல் வந்த புதிது. அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டில் இருந்தார், ராத்திரியில் தூக்கமே வராது. டி.எம்.எஸ். மாதிரி கணீரென்று பாடினால்தான் பாட்டு என்பார். நான் பக்கத்து அறையில் சன்னமாக வைத்திருந்தேன். 'ஐ'வ் க்ரோன் அக்கஸ்டம்ட் டு ஹிஸ் ஃபேஸ்' ஓடும்போது கூப்பிட்டார். நிறுத்தச் சொல்வார் என்று போனால், "இந்தப் பொண்ணு யார் காதுல ரகசியம் சொல்லுது? கொஞ்சம் கூட்டி வை" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். பாடகி மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்க வேண்டுமாம்! தூக்கிய அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு எது?

ஸ்விங் பிரியன்
மன்னிக்கணும் அக்கா, எனக்கு நேர்மாறு. ஒலிம்பியா அரங்கில் பதிவான கிராலின் 'லைவ் இன் பாரிஸ்' என் உயிர். அந்தத் துள்ளல் இதில் எங்கே? ஆசையாக வாங்கி, நண்பர்களோடு ராத்திரிப் பயணத்தில் காரில் போட்டேன். 'வாக் ஆன் பை' வந்தபோது பின்சீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். ஓட்டியவன், "கண்ணு சொக்குது, மாத்துடா" என்றான். டியான் வார்விக் 1964-லேயே பாடிவிட்ட பாட்டு அது. அதை ஏன் இவ்வளவு இழுக்க வேண்டும்?

கப்பல்காரன்
பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகம். சரக்கு ஏறத் தாமதம், வெளியே ஒரு சின்ன பாரில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் இந்த ஆல்பத்தைப் போட்டார். 'தி பாய் ஃப்ரம் இபனேமா' ஆரம்பித்தது. 'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா' என்ற அவர்கள் ஊர்ப் பாட்டு, அதுவும் பெண்ணைப் பையனாக்கி, ஒரு கனடாக்காரி ஆங்கிலத்தில் பாடுகிறார். முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து விரலால் தட்ட ஆரம்பித்தார். பிரேசிலின் சம்பா இசைக்காரர்களுக்கு அது பழைய பழக்கம். வயலின்கள் எழும்பும்போது நிறுத்துவார், குரல் வந்ததும் தொடர்வார். ஒரு தட்டுகூடப் பாட்டை மிதிக்கவில்லை. 'எஸ்தே செயு ஒல்யார்' போர்ச்சுகீசியத்தில் வந்ததும் தீப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கூடவே வாயசைத்தார். உச்சரிப்பு சரியா என்று கேட்க எனக்கு மொழி வரவில்லை.

நைலான் தந்தி
நான் முதலில் கேட்டது ஒரு கிட்டார் கடையில், வாங்க வந்த கிட்டாரை வைத்துவிட்டு ஆல்பத்தை விசாரித்துக்கொண்டு போனேன். என் கதை அவ்வளவுதான்.

ஸ்விங் பிரியன் தம்பி, இதை ஓடுகிற காரில் கேட்டால் பாதி காணாமல் போகும். இரைச்சல் இல்லாத அறையில், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதற்கு முன் 1967-ல் அமெரிக்கப் பாடகர் சினாட்ரா, பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமோடு செய்த ஆல்பத்தைக் கேளுங்கள். பத்துப் பாட்டில் மூன்று அமெரிக்க ஸ்டாண்டர்டு, அதாவது பலரும் திரும்பத் திரும்பப் பாடுகிற பாட்டு, மீதி ஜோபிம். அப்புறம் பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோவின் 'அமோரோசோ', 1977. அது தொடங்குவதே அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் பாட்டில்தான். இவை இரண்டுக்கும் 'க்வயட் நைட்ஸ்' ஆல்பத்துக்கும் ஆர்கெஸ்ட்ரா எழுதியவர் ஒரே ஆள், ஜெர்மானியரான கிளாஸ் ஓகர்மன். 'க்வயட் நைட்ஸ்' பாட்டின் அரேஞ்ச்மென்டுக்காக அவருக்குக் கிராமி கிடைத்தது. பாடகர் வாய் திறந்தால் வயலின் ஒதுங்கும், வரி முடிந்த இடைவெளியில்தான் பேசும். சாண்டோஸ் பெரியவர் தட்டியதும் அந்தக் கணக்கில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிட்டார் கையில் இருந்தால் இன்னொன்று செய்யுங்கள். கட்டைவிரலை சம்பாவின் பெரிய மேளமான சுர்டோவாக நினைத்து, ஒரே சீராகப் போடுங்கள். மற்ற விரல்கள் தாளத்துக்கு நடுநடுவே விழட்டும். அதன் மேல் வரியைக் கொஞ்சம் பிந்திப் பாடிப் பாருங்கள். விரல் தடுமாறும். துள்ளல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அப்போது பிடிபடும். இந்த ஆல்பத்தில் ஜெஃப் ஹாமில்டன் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால் டிரம்ஸை வருடுவதையும் கவனியுங்கள். அவர் அங்கே தூங்கவில்லை.

இரவுப்பறவை
ஐயா, பாட்டு எது என்றுதான் கேட்டேன்! ஆனாலும் 'அமோரோசோ'வைத் தேடி எடுத்துவிட்டேன்.

ஸ்விங் பிரியன்
நானும் கேட்டேன், ஹெட்ஃபோனில்தான். 'வேர் ஆர் வென்' இப்போது பிடித்திருக்கிறது, கனத்த தந்தி வாத்தியமான பாஸின் நடை அருமை. 'வாக் ஆன் பை' விஷயத்தில் மாற மாட்டேன். வார்விக் பாடியதில் இருக்கிற அந்தப் பதற்றம் எனக்கு வேண்டும்.